ஆட்சேபிக்க நான் ஆளில்லையாம்

அரசாங்க டெண்டர் தொழிலில் கல் சுமப்பதும் மண் வெட்டுவதும் ஒரு கஷ்டமே இல்லை. வேலை அடுத்தவனுக்குப் போன பிறகு "இது சரியில்லை" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதில்தான் முதுகு ஒடியும்.

என்னைப் போல டெண்டர் போட்டுத் தோற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குக் கீழே ஒரு ஓடை ஓடுகிறது. அதைத் தாண்டினால்தான் போளூர் பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் போக முடியும். எழுபதுகளில் அந்த ஓடையின் குறுக்கே அரசாங்கச் செலவில் ஒரு தரைப்பாலம் கட்டினார்கள். அடுத்த மழையில் அது போய்விட்டது. மறுபடி டெண்டர், மறுபடி பாலம், மறுபடி மழை. ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டியவர் போளூர் கண்ட்ராக்டர் கன்னியப்பன். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கன்னியப்பன் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். அதனால் தாராளமாகப் பேசுகிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல் கட்டடம் கட்டும் மேஸ்திரி. அந்த நாளில் எனக்கு இருந்த ஆசை பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பாலம் மறுபடியும் கன்னியப்பனுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்கிற ஆட்சேபணையை யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மேஜை துடைத்த துண்டு

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் எடுத்த முடிவு ஒருவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் தோளில் இருக்கிற துண்டை எடுத்து நடுவில் போட வேண்டும். அவன் சொல்வதைக் கேட்டு, பதில் சொல்லி, யாராவது அந்தத் துண்டை எடுத்து அவன் தோளில் போடுகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. துண்டு போட்டவனுக்கு அந்த விஷயத்தில் பங்கு உண்டா, அவன் ஊர் வரி கொடுத்தானா என்றெல்லாம் கேட்பதில்லை. ஒரு தடவை திருவிழா ஆட்டைக் கூறு போடுவது பற்றிக் கூட்டம் நடந்தபோது, விறகுக் கட்டோடு வழியில் போன வேற்றூர்க்காரன் ஒருத்தன் துண்டைப் போட்டுவிட்டான். எங்கள் ஆட்டில் அவனுக்கு என்ன வந்தது? ஆனாலும் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டோம். அவனுக்கும் ஒரு கூறு கொடுத்துத்தான் துண்டை எடுக்க முடிந்தது.

இந்த வழக்கம் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பாலம் மறுபடியும் கன்னியப்பனுக்கே என்று கேள்விப்பட்டதும் நேராக அடிவாரத்துப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போய், ஹெட் கிளார்க் ஏகாம்பரம் மேஜை மேல் என் துண்டைப் போட்டேன். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பியூனைக் கூப்பிட்டார். பியூன் வந்து, மேஜையில் கொட்டிக் கிடந்த டீயை அந்தத் துண்டால் சுத்தமாகத் துடைத்து, பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு விஷயத்தை வாயால் சொன்னேன். டெண்டர் போட்டாயா என்று கேட்டார். போடவில்லை, ஆனால் தினம் அந்தப் பாலத்தில் நடக்கிறவன் நான் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நடக்கறவன் நடக்கணும், ஆட்சேபிக்கறவன் டெண்டர் போட்டிருக்கணும். ரெண்டையும் ஒண்ணாக் கலக்க இது இன்னா உங்க ஊரு மாரியம்மன் கோயிலா?"

பெட்டியில் விழுந்தது

மழை வந்தது, பாலம் போனது, டெண்டர் வந்தது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரை விட்டு எழுதச் சொல்லி நானும் ஒரு டெண்டர் போட்டேன். கவரைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, அது அடியில் போய் விழுந்ததா என்று பெட்டி மேல் காதை வைத்துக் கேட்டேன். விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது.

பெட்டியைத் திறந்த அன்றைக்கு என் கவரைப் பிரித்து, மேலே ஒரு பார்வை பார்த்து, ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் பதிவு செய்துகொண்ட கண்ட்ராக்டர் இல்லையாம். வேலை கொடுக்காவிட்டால் போகட்டும் என்று ஆட்சேபணையை ஆரம்பித்தேன். துண்டை மட்டும் இந்தத் தடவை தோளை விட்டு இறக்கவில்லை. ஏகாம்பரம் குறுக்கே கையைக் காட்டினார். பதிவு இல்லாதவன் போட்ட டெண்டர் டெண்டரே இல்லை. ஆகவே நான் டெண்டர் போடாத ஆள். ஆகவே ஆட்சேபிக்க முடியாது என்றார். நான் விடவில்லை. உங்கள் கண்ணெதிரில்தானே பெட்டியில் போட்டேன், சத்தம்கூடக் கேட்டதே என்றேன். மனுஷன் சிரிக்காமல் சொன்னார்:

"பொட்டியில உளுந்ததெல்லாம் டெண்டர் இல்லய்யா. போன வருசம் ஒரு பல்லி கூட உளுந்துது. அதுக்கும் ஆட்சேபணை உரிமை குடுத்துடலாமா?"

மாமியாரின் மரங்கள்

கண்ட்ராக்டராகப் பதிவு செய்ய வேண்டுமானால் ஜாமீனுக்குச் சொத்து காட்ட வேண்டும். என் பேரில் இருந்தது ஒரு கடப்பாரையும் இரண்டு மண்வெட்டியும். சொத்து என்று சொல்லும்படி இருந்தது என் மாமியாரின் புளியமரங்கள்தான். அந்த அம்மாள் எனக்குப் பெண்ணைக் கொடுத்ததையே ஒரு நஷ்டமாக நினைத்துக்கொண்டிருந்தவள். பச்சையம்மாள், அதாவது என் மனைவி, நாலு தடவை போய் அழுத பிறகு மாமியார் அரைமனசாக ஒப்புக்கொண்டாள்.

மரங்களைப் பார்வையிட ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மலையேறி வந்தார். அவர் மரங்களை எண்ணிக்கொண்டே போக, என் மாமியார் அவருக்குப் பின்னாலேயே போய்த் தானும் எண்ணினாள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். கடைசி மரத்தடியில் இன்ஸ்பெக்டர் நின்று, மருமகனுக்காக ஜாமீன் நிற்க உங்களுக்குச் சம்மதந்தானே அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பதில் சொன்னாள்:

"பாலம் போனா போவட்டும், மருமவன் போனாலும் போவட்டும். என் மரத்துல ஒரு கிளை போவக் கூடாது, சொல்லிட்டேன்."

செருப்புக் கழற்றும் இடம்

இப்போது நான் முறையான கண்ட்ராக்டர். முறையான டெண்டர். பெட்டியைத் திறந்தார்கள். குறைந்த தொகை போட்டவர் வரிசையில் முதலில் கன்னியப்பன், இரண்டாவது போளூர் தேவராசு என்று யாரோ ஒருத்தர், மூன்றாவது நான். வேலை கன்னியப்பனுக்கு. நான் ஹெட் கிளார்க்கிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆபீசில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வாயைத் திறந்தேன். அவர் திறக்க விடவில்லை. கன்னியப்பனைத் தள்ளினால் வேலை யாருக்குப் போகும் என்று கேட்டார். தேவராசுக்கு என்றேன். அப்படியானால் உனக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, கேட்கிற உரிமை தேவராசுக்கு மட்டும்தான் என்றார். நான் டெண்டர் போட்டவன் சார், பல்லி இல்லை என்று கெஞ்சினேன். அவருக்கும் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும், எனக்குப் புரிகிற மாதிரியே எடுத்துச் சொன்னார்:

"பந்தியில அடுத்த எலைக்காரன் 'எனக்கு வடை வரல'ன்னு கேக்கலாம். நீ இன்னும் வெளிய செருப்பு கழட்டிக்கினு கீற."

இரண்டாமவரைத் தேடி

சரி, வடை கேட்கிற உரிமை உள்ளவரையாவது பிடித்து வந்து பேச வைக்கலாம் என்று போளூருக்கு பஸ் ஏறினேன். கண்ட்ராக்டர் தேவராசு என்று விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிற தேவராசுதான் இருக்கிறான் என்றார்கள். போய்ப் பார்த்தேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பாலத்தின் கதையை, அவனுக்கு மட்டும் இருக்கிற உரிமையை, எங்கள் ஊர் அவனைத்தான் நம்பியிருக்கிறது என்பதை. அவன் டியூபைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான். விசாரிக்க விசாரிக்கத்தான் எனக்கே விஷயம் வெளிச்சமானது. அவன் கன்னியப்பனின் மனைவிக்குத் தம்பி. ஒருத்தர் மட்டும் டெண்டர் போட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று கன்னியப்பன் வருஷா வருஷம் மச்சினன் பேரில் ஒன்று, கொஞ்சம் கூடுதல் தொகைக்கு, தானே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தேவராசுக்கோ ஆத்திரமே வரவில்லை. முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

"நான் டெண்டர் போட்டுகீறனா? மாமா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அதுலயும் ரெண்டாவதா வேற வந்துகீறன் பாருங்க."

மேற்படியார்

அந்தப் பாலமும் போனது. எனக்கு இப்போது வழி தெளிவாகத் தெரிந்தது. ஆட்சேபிக்க வேண்டுமானால் இரண்டாவதாக வர வேண்டும். உங்களில் எத்தனை பேர் ஜெயிக்க டெண்டர் போட்டிருப்பீர்களோ, தெரியாது. சரியாக இரண்டாவதாக வருவதற்காக டெண்டர் போட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கன்னியப்பன் எப்போதும் எஸ்டிமேட்டுக்குக் கொஞ்சம் கீழே போடுவார், மச்சினன் பேரில் கொஞ்சம் மேலே போடுவார். நான் இரண்டுக்கும் நடுவில் போட்டேன். வாத்தியார் நல்ல தமிழில் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். ஆடு மேய்க்கும் போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். ஆடுகளுக்கே பாதி தெரிந்திருக்கும்.

நடந்தது வேறு. நான் போய்ச் சொன்னதிலிருந்து தேவராசுக்கு டெண்டர் ஆசை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் நானே பெட்டியில் போடுகிறேன் மாமா என்று அடம்பிடித்திருக்கிறான். கன்னியப்பனுக்கும் கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரம், இரண்டு டெண்டரையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தன்னுடையதில் அழகாகக் கையெழுத்துப் போட்ட தேவராசு, மாமாவுடையதைப் பார்த்தான். கையெழுத்து இல்லை. மாமா மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம் என்று அதிலும் தன் கையெழுத்தையே போட்டுப் பெட்டியில் சேர்த்துவிட்டான்.

பெட்டியைத் திறக்க அன்றைக்கு யூனியன் கமிஷனரே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ வாசித்தார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. முடிவு எனக்குத் தெரிந்ததுதானே? அவர் வாசித்து முடித்ததும் எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். மேற்படி ஒப்பந்தக்காரர் இந்த வேலைக்குத் தகுதியற்றவர். மேற்படியார் கட்டிய பாலம் ஒன்றுகூட இதுவரை நின்றதாகச் சரித்திரம் இல்லை. மேற்படியாருக்கு வேலை கொடுப்பது பணத்தை ஓடையில் கொட்டுவதற்குச் சமம். அங்கே இருந்தவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். கமிஷனர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"யோவ், நிறுத்துய்யா. ஒரே ஆளு கையெழுத்துன்னு ரெண்டு டெண்டர் தள்ளுபடி ஆயிடுச்சு. மேற்படியார் இப்ப நீதான்."

டம்ளர் சூடு

ஒர்க் ஆர்டர் வாங்க ஆபீசுக்குப் போன அன்றைக்குக் கன்னியப்பனும் அங்கே வந்திருந்தார். மச்சினனைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப் போயிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எனக்கு வேலை கொடுத்தது செல்லாது என்று ஏகாம்பரத்திடம் வாதாடிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். கேட்பதற்கு என்ன சுகமாக இருந்தது தெரியுமா?

ஏகாம்பரத்தை நான் அதுவரை ஒரு எதிரியாகத்தான் நினைத்திருந்தேன். நேர்மையான எதிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்னியப்பன் பேருக்கு வந்த டெண்டரில் கன்னியப்பனின் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாத டெண்டர் டெண்டர் இல்லை. ஆகவே அவர் டெண்டர் போடாத ஆள் என்று எனக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார். பல்லி கதையையும் சொல்லுங்க சார் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அதையும் சொன்னார். கன்னியப்பன் மேஜையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மனசு விட்டுச் சொன்னார்:

"நான் வாங்கியாந்து குடுத்த டீ சார் இது. டம்ளர் சூடு இன்னும் ஆறல, அதுக்குள்ள எனக்கே விதி பேசறீங்களே."

ஓடை செய்த துரோகம்

பாலத்தைக் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பதை நானே சொன்னால் நன்றாக இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: பிரமாதமாகக் கட்டினேன். கன்னியப்பன் பாலத்தில் ஆட்டை ஓட்டினாலே ஓரம் உதிரும். என் பாலத்தில் யானை உட்கார்ந்து எழுந்திருக்கலாம். என் மாமியார் வந்து காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவளிடம் அதுவே பெரிய பாராட்டு.

ஐப்பசியில் மழை பிடித்தது. மேலே எங்கேயோ சரிவு சரிந்து, பாறைகள் உருண்டு வந்து ஓடையில் அடைத்துக்கொண்டன. விடிந்ததும் ஊரே ஓடிப் போய்ப் பார்த்தது. பாலம் ஒரு கல் அசையாமல் நின்றது. ஓடைதான் அங்கே இல்லை. பாறைக்கு முன்னாலேயே திரும்பி, பாலத்துக்குப் பக்கத்தில் புதுசாகப் பள்ளம் பறித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரோடு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. இதில் என் தப்பு என்ன? பாலம் போனதா? இல்லை. இன்றைக்கும் நிற்கிறது, வந்து பாருங்கள்.

ஓவர்சியர் வந்தார். டேப்பைப் பிடித்துப் பாலத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தார். ஏறி நின்று குதித்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, புதுப் பள்ளத்தில் ஓடுகிற தண்ணீரை வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாலம் எஸ்டிமேட் படிதான் கீது மேஸ்திரி. ஓடைதான் எஸ்டிமேட் படி இல்ல."

நடுவில் விழுந்த துண்டுகள்

மழை விட்டதும் என் பாலத்துக்கு ஒரு உபயோகம் கிடைத்தது. பெண்கள் அதில் சாமை காய வைத்தார்கள். மலையில் அந்த மாதிரி சமதளமான, சுத்தமான களம் வேறு எங்கேயும் கிடையாது. ஆனால் அந்தச் சாமையை மூட்டை கட்டி போளூர் சந்தைக்குக் கொண்டு போக, பாலத்திலிருந்து இறங்கி, பக்கத்தில் ஓடுகிற தண்ணீரில் இடுப்பு வரை நனைந்துதான் போக வேண்டியிருந்தது. ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதையும் என் பாலத்து மேலேயே போட்டார்கள், உட்கார வசதியாக இருக்கிறது என்று.

நான் போய் உட்கார்ந்ததும் ஒருத்தர் துண்டைப் போட்டார். இன்னொருத்தர் போட்டார். கொஞ்ச நேரத்தில் நடுவில் துண்டு ஒரு குவியலாகிவிட்டது. வாத்தியார் துண்டு பழக்கம் இல்லாதவர், கைக்குட்டையைப் போட்டார். எனக்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்த அதே வாத்தியார். கூட்டத்தை நடத்துகிற பெரியதனக்காரர் என்னைப் பார்த்து, பதில் சொல்லு மேஸ்திரி என்றார்.

நான் எத்தனை வருஷம் ஆபீசில் நின்றவன்? எனக்கும் விதி தெரியும். எழுந்து நின்று, இதில் யாராவது டெண்டர் போட்டீர்களா என்று கேட்டேன். நடக்கறவன் நடக்கணும், ஆட்சேபிக்கறவன் டெண்டர் போட்டிருக்கணும் என்று ஏகாம்பரம் சொன்னதை அப்படியே சொன்னேன். பல்லி கதையையும் சொன்னேன். சனங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். விதி என்றால் எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டு. இரண்டு பேர் தங்கள் துண்டைத் தாங்களே எடுத்துக்கொள்ளக் குனிந்தும் விட்டார்கள்.

ஓரத்தில் சாமையைக் கூட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். நேராக என்னிடம் வந்து, என் தோளில் இருந்த துண்டை உருவினாள். ஏகாம்பரம் மேஜையின் டீக் கறை அதில் இன்னும் போகவில்லை. அதை எல்லாத் துண்டுக்கும் மேலே விரித்துப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்:

"இந்த மலையிலயே டெண்டர் போட்டவன் துண்டு இது ஒண்ணுதான். இப்ப இது கேக்குது. பதில் சொல்லிட்டு எந்திரி."

என் துண்டை மதித்து ஒரு கூட்டம் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டது இத்தனை வருஷத் தொழிலில் அந்த ஒரு தடவைதான், அதுவும் எனக்கு எதிராகத்தான்.